கை எரிந்ததா?

சாஆ, ஜொகூர்
3 ஜூன் 2024

அன்புள்ள ரூபேந்திரன் அண்ணாவுக்கு,

தங்கை சந்திரமதி எழுதுவது. இங்கே நானும் இவரும் நலம். அங்கே நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, பிரஷர் மாத்திரை தீர்வதற்குள் அடுத்த டப்பா வருகிறதா என்பதுதான் என் கவலை. போன் எடுக்காத காட்டில் போய்ப் பள்ளிக்கூடம் கட்டுகிறேன் என்கிறீர்கள், உங்களால் நான் மறுபடி பேனா பிடிக்க வேண்டியிருக்கிறது. தபால் கவுண்டரில் இருக்கும் பெண், "இந்தக் காலத்துல யாருக்குக்கா இவ்ளோ பெரிய லெட்டர்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

வீட்டு வேலை நடக்கிறது. நீங்கள் அனுப்பிய மிஷினில் நானும் கொத்தனார் ஐயாசாமியும் ஒரு நாளைக்கு நூறு கல் அழுத்துகிறோம். மூவாயிரத்தைத் தாண்டிவிட்டோம். நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்த அளவு சமையல் குறிப்பு மாதிரி மனப்பாடமாகிவிட்டது: செம்மண் ஏழு, மணல் இரண்டு, சுண்ணாம்பு ஒன்று. சுண்ணாம்பும் தேவைக்கு மேலேயே கிடைத்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். "சந்திரா, மழை வந்தா வீட்டை வாளியில அள்ளிக்கலாம் லா" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நானும் சிரித்தேன்.

ஆனால் பயமாகத்தான் இருக்கிறது அண்ணா. பகலில் கல்லைத் தட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. படுத்துக் கண்ணை மூடினால் சுவர் கரைகிறது. சிமெண்ட் இல்லாத சுவர் நம் ஊர் மழைக்கு நிற்குமா? தோட்டம் கைமாறிவிட்டதால் செப்டம்பர் கடைசிக்குள் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த வீடு நிற்கவில்லை என்றால் எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

இவருக்குக் காலில் ஒரு புண். இனிப்பு நீர் வியாதி இருப்பதால் ஆறக் கொஞ்சம் நாளாகும் என்கிறார்கள். மற்றபடி நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
சந்திரமதி


மேல் பாராம், சரவாக்
21 ஜூன் 2024

அன்புத் தங்கை சந்திராவுக்கு,

நான் நலம். நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் பாதி வழி லாரியிலும் பாதி வழி படகிலும் வந்து, நனைந்த உறையோடு கையில் கிடைத்தது. உள்ளே எழுத்து கலையவில்லை. மழை எல்லாவற்றையும் கரைத்துவிடாது, பார்த்தாயா.

பயப்படாதே. செம்மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தால் நாளாக ஆக இறுகும். சிமெண்ட் சுடுவதற்கு எவ்வளவு எரிக்கிறார்கள், எவ்வளவு புகை விடுகிறார்கள் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். அவ்வளவு புகை இல்லாமல், உன் நிலத்து மண்ணாலேயே உன் வீடு. மத்தியானத்தில் விசிறி இல்லாமல் படுக்கலாம். கூரையின் பாரத்தை மரத்தூண்கள் தாங்கும். சுவர் தன்னைத் தாங்கிக்கொண்டால் போதும்.

செய்ய வேண்டியவை: கற்களைச் சாக்குப் போட்டு மூடி ஒரு மாதம் ஈரம் காயாமல் வை. அடியில் கருங்கல் இரண்டு அடி உயரம் கண்டிப்பாக வேண்டும். ஒரு கல்லை எடுத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்து எழுது. டிசம்பரில் நான் வந்து பார்க்கும் வரை குடி போக வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். கோலாலம்பூரில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவும் குழு ஒன்று ஜனவரியில் உன் வீட்டைப் பார்க்க வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால், உன்னைப் போல லயத்தை விட்டு வெளியேறும் இருபது குடும்பங்களுக்கு வீடு. உன் வீடுதான் முதல் வீடு.

மச்சானைச் செருப்பில்லாமல் நடக்க விடாதே.

அன்பு அண்ணன்,
ரூபேந்திரன்


சாஆ
25 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம், உங்கள் நலத்துக்கு வேண்டுதல். இருபது குடும்பம் என்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யார் யார் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். காளியம்மா அக்கா, அவர் மகன்கள் என்று பன்னிரண்டு பேர் சட்டென்று வந்துவிட்டார்கள். அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரி மரத்தடியில் இருந்து ஒரு கல்லை எடுத்து ட்ரம்மில் போட்டேன். ஒரு நாள் சொன்னீர்கள், நான் பயந்துபோய் மூன்று நாள் வைத்தேன். கல் அப்படியே இருந்தது. எடுத்துச் சுத்தியலால் தட்டினேன், டங் என்றது. ஐயாசாமி, "அலமாக், இது கல்லுதான்" என்றார். அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சுவர் ஜன்னல் உயரம் வந்துவிட்டது. மேற்குப் பக்க அறை இவருக்கு. அங்கே ஜன்னலைப் பெரிதாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், படுத்தபடியே வெளியே பார்க்கலாம். புண்ணுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். முன்பு மாதிரி வந்து வேலையை அதட்ட முடியவில்லை என்பதுதான் அவருக்குக் குறை.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? எழுதவே இல்லை.

சந்திரமதி


மேல் பாராம்
20 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

நலமே. இருமல் போய்விட்டது. உன் கடிதத்தை இங்கே பள்ளி ஆசிரியருக்கு மலாயில் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். மூன்று நாள் ஊறியும் அசையாத கல் என்றதும் கை தட்டினார்.

கோலாலம்பூர் குழுவுக்கும் எழுதிவிட்டேன். 'என் தங்கை, பதினெட்டு வருடம் தோட்டத்தில் உரம் போட்டவள், தன் கையால் சிமெண்ட் இல்லாமல் கட்டிய வீடு' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. முப்பது வருடமாக இதைப் பற்றி மேடையில் பேசுகிறேன். சொந்தக்காரர் ஒருவர்கூட நம்பியதில்லை. நீ நம்பினாய்.

கூரை விளிம்பு மூன்றடி வெளியே நீளட்டும். மச்சானுக்குப் புண் ஆறிவிட்டதா? ஒரு வரி எழுது.

ரூபேந்திரன்


சாஆ
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆசை. கூரை போட்டாகிவிட்டது. தாமதமாக எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். இவர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தார். புண் இனித் தொந்தரவு தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

வாசலில் படி வைக்கவில்லை. மீந்த கல்லையும் மண்ணையும் போட்டு இறுக்கிச் சரிவாக ஏற்றிவிட்டோம், சக்கரம் ஏறி இறங்க வசதியாக.

உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது அண்ணா. நீங்கள் சொன்னது உண்மை. உரக்கொட்டகையில் இருந்து வாங்கிய சுண்ணாம்புப் பைகள் நாற்பது ஐம்பது காலியாகக் கிடந்தன. அதைக் கழுவிப் பிரித்து ஜன்னலுக்குத் திரையாகத் தைத்திருக்கிறேன். ஐயாசாமிக்கு ஒரே சிரிப்பு. "நாப்பது வருஷமா இந்தச் சுண்ணாம்ப மரத்துக்குப் போட்டோம், இப்ப நமக்கே போட்டுக்கிட்டோம்" என்கிறார்.

லயத்தில் தண்ணீரை வெட்டும் தேதியை ஒட்டிவிட்டார்கள். நீங்கள் வரும்வரை எப்படியாவது சமாளிக்கிறேன்.

சந்திரமதி


மேல் பாராம்
8 அக்டோபர் 2024

சந்திராவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன்.

சில விஷயங்களுக்கு மட்டும் பதில் எழுது. அந்தச் சுண்ணாம்புப் பையின் மேல் என்ன எழுதியிருக்கிறது? அதை மண்ணோடு கலக்கும்போது உன் கை எரிந்ததா? ஜூலையில் ஊறப்போட்டாயே, அந்த மரத்தடிக் கல் எப்போது அழுத்தியது? இப்போது சுவர் கட்டி மீந்த கற்களில் ஒன்றை எடுத்து மறுபடி ஊறப்போட்டுப் பார்.

வழக்கமான சோதனைதான், பயப்படாதே. குழுவினர் கேட்பார்கள் என்பதற்காகக் கேட்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை. குடி மட்டும் போக வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், பயப்படாதே.

ரூபேந்திரன்


சாஆ
24 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம். அடுத்த வாரம் தீபாவளி. முறுக்கு அனுப்பலாம் என்றால் உங்களிடம் வந்து சேர்வதற்குள் மாவாகிவிடும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பையில் 'கப்பூர் பெர்த்தானியான்' என்று போட்டிருக்கிறது. செம்பனை மரத்துக்குப் போடுகிறோமே, அதே சுண்ணாம்புதான். சுண்ணாம்பு எது என்று எனக்குத் தெரியாதா அண்ணா? தலையில் சுமந்து கையால் இறைத்தவள். கை எல்லாம் எரியவில்லை, கோதுமை மாவு மாதிரி இருந்தது. மரத்தடிக் கல் நீங்கள் சீனப் புத்தாண்டு லீவுக்கு வந்தபோது, மிஷினைச் சொல்லிக் கொடுக்க நீங்களே அழுத்தி வைத்தது. நீங்கள் கொண்டுவந்த இரண்டு பையில் செய்தோமே, அது.

மீந்த கல்லையும் ஊறப்போட்டுப் பார்த்தேன். பரவாயில்லை.

மழை பிடித்துவிட்டது. இந்தக் கூரையில் விழும் சத்தம் லயத்துத் தகரம் மாதிரி காதை அடைப்பதில்லை. நன்றாக இருக்கிறது.

சந்திரமதி


மேல் பாராம்
12 நவம்பர் 2024

சந்திரா,

சாலை சரிந்து லாரி வராமல் போனதால் உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கூரையில் மழைச் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உள்ளே இருக்கிறீர்கள். இதை வாசித்ததும் இரண்டு பேரும் வெளியேறுங்கள். சாமான்களை எடுக்க நிற்காதே.

நீ போட்டது மரத்துக்குப் போடும் சுண்ணாம்பு. அது சுடாத கல்லை அரைத்த பொடி. மண்ணின் புளிப்பை மாற்றும், அவ்வளவுதான். மண்ணைப் பிடிக்காது. நான் சொன்னது சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றிய சுண்ணாம்பு. அதைத் தொட்டால் கை எரியும். தாளில் நான் வெறும் 'சுண்ணாம்பு' என்று எழுதினேன். தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் எந்தப் பை நினைவுக்கு வரும் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் மேல் தப்பில்லை.

காய்ந்திருக்கும்வரை அந்தச் சுவர் நிற்கும். அடியில் தண்ணீர் தேங்கினால் நிற்காது. மேற்கு அறையில் கட்டில் எங்கே கிடந்தாலும் வாசலுக்கு நாலு எட்டுத்தான். விழும் முன் சத்தம் கேட்கும். கேட்டால் உடனே நடந்து வெளியே வந்துவிடுங்கள்.

சாலை திறந்ததும் முதல் லாரி போகிறது. ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தையும் உன் நம்பரையும் கொடுக்கிறேன். மீரி போனதும் உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அவர் மலாயில் பேசுவார். அவர் சொல்வதைக் கேள்.

ரூபேந்திரன்


சாஆ
20 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடம் இருந்து கடிதம் வரவில்லை. இனிமேலும் ஒளிக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 28ஆம் தேதியே குடி வந்துவிட்டோம். லயத்தில் தண்ணீரை வெட்டிவிட்டார்கள். அவரை வைத்துக்கொண்டு அங்கே ஒரு நாள்கூட இருக்க முடியாது. அவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில். புண் தொந்தரவு தராது என்று எழுதினேனே, இதுதான். மற்ற காலிலும் பலம் இல்லை. சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்க நான்தான். சொன்னால் நீங்கள் அங்கே கிடந்து தவிப்பீர்கள் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. மீந்த கல் பரவாயில்லை என்று எழுதினேன். அது பொய். காலையில் ட்ரம்மில் போட்டேன். மத்தியானம் துணி காயப்போட வந்தபோது எட்டிப் பார்த்தேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கையை விட்டுத் துழாவினேன். கல் இல்லை, சேறு இருந்தது. ட்ரம்மைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னால் இருபது வீடும் நின்றுபோகும். அவரிடம் சொன்னால், எழுந்து போக முடியாத மனிதர் என்ன செய்வார்? மேற்குச் சுவருக்கு வெளியே தார்ப்பாய் கட்டினேன். மழை அடிக்காமல் இருக்கத்தான் என்று அவரிடம் சொன்னேன்.

முந்தாநாள் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது. அவர்தான் எடுத்தார். யாரோ மலாயில், "ரூமா தக் செலாமாட், கெலுவார் செக்காராங்" என்று கத்தினானாம். வீடு ஆபத்து, உடனே வெளியேறு என்று. "ஸ்கேமர் லா, வீட்டக் காலி பண்ண வெச்சிட்டுத் திருட வருவானுங்க" என்று வெட்டிவிட்டு நம்பரை பிளாக் செய்துவிட்டார். உங்கள் ஆளா அது? திருப்பிக் கூப்பிட்டால் இவர் ஏன் என்று கேட்பார்.

இன்று காலை அவர் கட்டிலுக்குப் பின்னால் சுவரைத் தொட்டேன். கருங்கல்லுக்கு மேலே ஒரு முழம் கறுத்திருக்கிறது. விரலை வைத்து அழுத்தினேன். முதல் கணு வரை உள்ளே போனது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்வது என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

சந்திரமதி


சாஆ
1 டிசம்பர் 2024

அண்ணா,

நலம் விசாரித்து எழுத எனக்கு இப்போது வரவில்லை. உயிரோடு இருக்கிறோம்.

உங்கள் நவம்பர் 12 கடிதம் 26ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்தது. மூன்று நாளாக மழை. பின்பக்கச் செம்பனைக் காட்டு வாய்க்கால் உடைத்துக்கொண்டு, மேற்குப் பக்கம் கருங்கல் மூழ்கித் தண்ணீர் நின்றது. தபால்காரர் கையில் இருந்து வாங்கி, அவர் போன பிறகு வாசலிலேயே நின்று வாசித்தேன். உடனே இவரை நாற்காலியில் ஏற்றித் தள்ளினேன். வாசல் சரிவும் அதே கலவைதானே, கூழாகிக் கிடந்தது. சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. அவர் கனத்த உடம்பு. எவ்வளவு இழுத்தும் அசைக்க முடியவில்லை. மறுபடி இடுப்பைக் கட்டித் தூக்கி எப்படியோ கட்டிலில் கொண்டு சேர்த்தேன். கட்டிலை இழுத்து அறை நடுவில் போட்டேன். நாலு பக்கமும் அதே கல்.

தீயணைப்புப் படைக்கு, பொம்பாவுக்குப் போன் அடித்தேன். வருகிறோம், பாதையில் தண்ணீர், நேரமாகும் என்றார்கள். ஐயாசாமி போனை எடுக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே இவர், "நீ போய் ஆளக் கூட்டிட்டு வா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குள் பாதையில் இடுப்பளவு ஏறிவிட்ட தண்ணீரில் நடந்து போனேன். ஐயாசாமியையும் அவர் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வரும்போது மணி பதினொன்று.

மேற்குச் சுவர் இல்லை. வெளிப்பக்கமாக விழுந்திருந்தது. கூரை தூணில் நின்றது. அறை நடுவில் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெளியே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நான் போன கொஞ்ச நேரத்திலேயே சுவர் வயிறு வைக்க ஆரம்பித்துவிட்டதாம். எந்தப் பக்கம் விழும் என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பள்ளி மண்டபத்தில் தங்கியிருந்தோம். இப்போது ஐயாசாமி வீட்டு முன்னறையில் இருக்கிறோம். நேற்று இவர் உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தரச் சொன்னார். அக்டோபர் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டுச் சொன்னார், "கை எரிஞ்சுதான்னு கேட்டிருக்காரு பாரு. தெரியாதவன் இதக் கேப்பானா? அப்பவே உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சே பயப்படாதன்னு எழுதிட்டாரு."

அதே அக்டோபரில் எனக்கும் தெரியும். ட்ரம்மைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டு என் கையால் சாப்பிடுகிறார்.

அவர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அவருக்கே எழுதுங்கள்.

சந்திரமதி


மீரி, சரவாக்
16 டிசம்பர் 2024

அன்புள்ள கனகராஜ் மச்சானுக்கு,

தெரியும்.

செப்டம்பர் கடிதம் அக்டோபர் ஆறாம் தேதி என் கைக்கு வந்தது. உரக்கொட்டகை என்ற சொல்லைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் யோசித்தேன். கல்லின் நிலைமையை எழுதினால் குழு வராது, இருபது வீடு போய்விடும், முப்பது வருடம் நான் பேசியதெல்லாம் சிரிப்பாகிவிடும் என்று யோசித்தேன். கூரை அகலம், அடியில் கருங்கல் இருக்கிறது, டிசம்பரில் நானே போய்ச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பர் வரைக்கும் லாரி இரண்டு தடவை மீரிக்குப் போனது. நான் ஓட்டுநரிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நவம்பர் கடிதத்திலும் அப்போதுதான் புரிந்தது போல எழுதினேன். பயப்படாதே என்று சந்திராவுக்கு எழுதியது எனக்குச் சொல்லிக்கொண்டது.

உங்களுக்குக் கால் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நிச்சயமாகத் தெரியவில்லை.

சந்திராவுக்கு எதுவும் தெரியாது. அவள் நான் எழுதியதை நம்பினாள், அவ்வளவுதான்.

குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இங்கே போன் இருக்கிறது. ஆனால் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்கு நழுவிவிடுவேன் என்று எழுதுகிறேன். 30ஆம் தேதி வருகிறேன். நீங்கள் உள்ளே வரச் சொன்னால் வருவேன்.

ரூபேந்திரன்


சாஆ
24 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இது நீங்கள் அங்கிருந்து கிளம்புவதற்குள் கிடைக்குமா தெரியாது. நான் நலம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, சாப்பிடுகிறார்.

உங்கள் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன், அவர் கண்ணாடி போன வாரம் உடைந்துவிட்டது. 'தெரியும்' என்ற வார்த்தையை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

'சந்திராவுக்கு எதுவும் தெரியாது' என்ற வரிக்கு வந்தபோது நிறுத்திவிட்டேன். எனக்காக நீங்கள் அதை எழுதினீர்கள் என்று தெரியும். வாசித்திருந்தால் அவர் நம்பியிருப்பார். காலம் முழுக்க நம்பியிருப்பார். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ட்ரம்மில் போட்ட கல்லைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்ததையும், கையை விட்டதையும், அப்புறம் வந்து அவருக்குச் சோறு போட்டதையும், ஒரு மாதத்துக்கு மேல் அந்தச் சுவரோரம் அவரைப் படுக்க வைத்ததையும் சொன்னேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் வெளிய தள்ளிட்டுப் போ" என்றார்.

தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டு நிழலில் நிறுத்தப் போனால் வேண்டாம் என்றார். வேலிக்கல் பக்கம் நிறுத்தப் போனேன், அதுவும் வேண்டாம் என்றார். கடைசியில் எதிர்த்த திடலின் நடுவில், சுற்றிலும் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொன்னார். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

சந்திரமதி